கோவிந்தண்ணன் ஊதித் தீர்த்த கால்

போன வாரம் காப்பிக் கடையில் ஒரு நல்ல காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டித்த பிறகு நாளைக்கு ஒரு காப்பிதான் எனக்கு வாய்க்கிறது. அதையும் விட்டுவிட்டு வந்தேனென்றால் எவ்வளவு கோபம் வந்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபத்துக்குக் காரணம் பக்கத்து மேசை வாத்தியார் தம்பி. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிற இளவட்டம், நல்ல பிள்ளைதான். பார்த்தால் எழுந்து வணக்கம் சொல்வான். அன்றைக்கு ஒரு கையில் பத்திரிகை, இன்னொரு கையில் சிகரெட். "பெரியவரே, இதக் கேட்டீங்களா? நிக்கோட்டின் மூளைக்கு நல்லதாம்லா. கவனம் கூடுமாம், பதற்றம் அடங்குமாம். கெடுதலும் இருக்குதான். ஆனா ரெண்டையும் சீர்தூக்கிப் பாக்கணும்னு எழுதியிருக்கான்" என்றான். சொல்லிவிட்டுச் சீர்தூக்கிப் பார்க்கிறவன் மாதிரியே கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்து ஊதினான். புகை நேராக வந்து என் காப்பிக் கோப்பை மேல் உட்கார்ந்தது.

"அதெல்லாம் சீர்தூக்கிப் பாத்தாச்சு தம்பி, நீ பொறக்கிறதுக்கு முந்தியே" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பாவம், அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

காப்பி மணமும் புகை நாற்றமும் ஒன்றாகக் கலந்தால் எனக்குப் பினாங்குப் படகுத்துறை ஜெட்டிதான் ஞாபகம் வரும். முப்பதுகளின் தொடக்கத்து ஜெட்டி. நான் அப்போது டிராம் வண்டியில் கண்டக்டர். காலையில் முதல் டிராம் புறப்படுவதற்கு முன்னால் பழைய பால் டின்னில் கயிறு கட்டி, அதில் காப்பி வாங்கி வந்து நானும் டிரைவரும் பங்கு போட்டுக் குடிப்போம். என் பங்கு வெறும் காப்பி. அவர் பங்கு காப்பியும் சிகரெட்டும். டின் விளிம்பு கையைச் சுடும். புகை கண்ணைக் கரிக்கும். இரண்டையும் சபித்துக்கொண்டே குடிப்பேன்.

டிராமுக்கென்று ஒரு வாசனை உண்டு. மேலே கம்பியில் பொறி பறக்கும்போது வரும் தீய்ந்த வாசனை, பாசார் சந்தையிலிருந்து ஏறும் பெண்களின் கூடையிலிருந்து பிலாச்சான் என்கிற இறால் விழுதின் வாசனை, மழை நாளில் நனைந்த மனிதர்களின் வாசனை. இவை எல்லாவற்றுக்கும் மேலே போர்வை போர்த்தின மாதிரி புகையிலை. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு புகை. மலாய்க்காரர்கள் நீப்பா ஓலையில் சுருட்டிப் பிடிப்பார்கள். அது எரியும்போது ஈர ஓலை கருகும் நாற்றம் வரும். சீனக் கிழவர்களுக்கு நீளக் குழாய். நம்மவர்களுக்குச் சுருட்டு, பீடி. மார்க்கெட் ஸ்திரீட்டில் ஏறும் ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்கு மூக்குப்பொடி. அந்த மனிதர் தும்முவதற்கென்றே ஒரு வளைவு வைத்திருந்தார். டிராம் அங்கே திரும்பும்போது குலுங்கும். அந்தக் குலுக்கலில் தும்மிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் வளைவு வருவதற்கு முன்பே வேட்டியை இழுத்து மூடிக்கொள்வார்கள்.

என் வீட்டிலும் அது இல்லாமல் இல்லை. என் அப்பா கெப்பாலா பத்தாஸில் மாட்டுவண்டி ஓட்டினவர். வாயிலே சுருட்டில்லாமல் நான் அவரைப் பார்த்தது குறைவு. வயலோரம் இறங்கி வந்தால் காலெல்லாம் அட்டை கடித்திருக்கும். அப்பா சுருட்டைக் கொஞ்சம் மென்று, அந்தச் சாற்றை எங்கள் காலில் தடவுவார். அட்டை சுருண்டு பொத்தென்று விழும். புகையிலையால் கலப்படமில்லாமல் நான் கண்ட நன்மை அது ஒன்றுதான். இரத்தம் குடித்தே வாழ்கிற அட்டை தாங்காத சாற்றை மனிதன் தினமும் உள்ளே இறக்கிக்கொண்டிருக்கிறானே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வேலைக்கு வந்த புதிதில் நானும் ஆண்பிள்ளை என்று காட்ட ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தேன். இரண்டாவது இழுப்பில் தலை சுற்றி, ஓடுகிற டிராமிலிருந்து தலையை வெளியே நீட்டி வாந்தியெடுத்தேன். பயணிகள் கை தட்டினார்கள். அதோடு என் புகை வாழ்க்கை முடிந்தது. மன உறுதியால் தப்பித்தவன் என்று என்னைப் பற்றி நினைத்துவிடாதீர்கள். வயிறு பலவீனமாக இருந்ததால் தப்பித்தேன்.

அந்த வாந்தியைப் பார்த்து அதிகமாகச் சிரித்தவர் டிரைவர் கோவிந்தண்ணன்தான். அவருக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். ஆள் உயரம், தலையில் கோணலாக வைத்த தொப்பி, உதட்டு ஓரத்தில் சிகரெட். டிராம் டிரைவர்கள் நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். இடது கையில் வேகத்துக்கான பித்தளைப் பிடி, வலது கையில் பிரேக்கு, காலடியில் மணி. யாராவது தண்டவாளத்தைக் கடந்தால் வலது காலால் மணியை மிதிப்பார், டிங் டிங் என்று. கையிரண்டும் வேலையாக இருப்பதால் சிகரெட்டை உதட்டிலிருந்து எடுக்கவே மாட்டார். சாம்பல் தானாக வளர்ந்து தானாக உதிரும். உத்தியோக நேரத்தில் பிடிக்கக்கூடாது என்று விதி இருந்தது. விதி எழுதின துரை ஏறும்போது மட்டும் சிகரெட் எங்கேயோ மறைந்துவிடும். துரை இறங்கினதும் திரும்ப உதட்டுக்கு வந்துவிடும். நெருப்போடு அதை எங்கே வைத்திருந்தார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

நான் முகத்தைச் சுளித்தால் அவர் சொல்வார்: "தம்பி, ஒனக்குத் தெரியாது. உச்சி வெயில்ல இந்தப் பிடியைப் புடிச்சுக்கிட்டு நின்னுப் பாரு. கண்ணு தானா சொருகும். இது ஒன்னு இருந்தா முழிச்சுக்கும். பசி தெரியாது. கோவம் வராது. யாருன்னே தெரியாத சீனன்கிட்ட நெருப்புக் கேட்டா அவன் சிநேகிதனாயிடுறான். வேற எதுல இருக்கு இவ்வளவும்?"

 அவர் சொன்னது எல்லாம் உண்மைதான். பொய்யாக இருந்திருந்தால் இந்தச் சனியனை ஒழிப்பது எவ்வளவு சுலபம்! ஜெட்டியில் மூட்டை தூக்குகிற மலாய்க்காரர்கள், ரிக்‌ஷா இழுக்கிற சீனர்கள் எல்லோரும் அவருக்கு ஒரு நெருப்புக்குச்சி வழியாகத்தான் பழக்கம். எனக்கு அவ்வளவு பேரைத் தெரியாது. சும்மா போய் ஒருவனிடம் பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு வேண்டியிருக்கிறதல்லவா?

ஒரு நாள் டத்தோ கெராமட் சாலையில் ஒரு சின்னக் குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு தண்டவாளத்தில் ஓடி வந்துவிட்டது. கோவிந்தண்ணன் மணியை மிதித்துக்கொண்டே பிரேக்கைச் சுற்றின சுற்றில் டிராமில் நின்றவர்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. குழந்தைக்கும் டிராமுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்கூட இல்லை. தாய்க்காரி ஓடி வந்து தூக்கிக்கொண்டாள். கோவிந்தண்ணன் முகம் வெளுத்துப் போயிருந்தது. கை ஆடிய ஆட்டத்தில் தீப்பெட்டியை உரச முடியவில்லை. நான்தான் உரசிக் கொடுத்தேன். இரண்டு இழுப்பு இழுத்தார். கை நின்றுவிட்டது. ஏதோ ஒன்றும் நடக்காத மாதிரி "போலாம், மணி அடி" என்றார். பதற்றம் அடங்குமாம் என்று வாத்தியார் தம்பி படித்தானே, அதை நான் ஒரு முழம் தூரத்தில் நின்று பார்த்தவன்.

ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன். அதைப் பார்க்க எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. தினமும் காலையில் ஜெட்டிக்கு வரும்போதே அவர் கை லேசாக ஆடிக்கொண்டிருக்கும். முதல் சிகரெட் உள்ளே போனதும் நின்றுவிடும். எந்தக் குழந்தையும் குறுக்கே ஓடி வராத காலையிலும் அப்படித்தான். என் கை ஆடுவதில்லை; என் அப்பாவுக்கு ஆடும். அந்த நடுக்கத்தைக் கொடுத்ததே புகையிலைதான். கொடுத்துவிட்டு, காலையில் வந்து அதை நீக்குகிற மாதிரி நடித்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டது. இதைச் சொன்னபோது கோவிந்தண்ணன் சிரித்துவிட்டு, "வக்கீலுக்குப் படிக்கப் போயிருக்கணும்லா நீ, டிக்கெட் கிழிக்க வந்துட்ட" என்றார்.

அந்த வருஷத் தைப்பூசத்துக்குக் கோவிந்தண்ணன் காவடி நேர்ந்துகொண்டார். கல்யாணமாகிச் சில வருஷமாகியும் குழந்தை இல்லை. அவர் மனைவி அஞ்சலை அண்ணியின் வேண்டுதல் அது. அண்ணி குள்ளமான உருவம், பெரிய குரல். டிராம் மணிக்கு வழிவிடாத மாட்டுவண்டிகூட அவர் குரலுக்கு ஒதுங்கும் என்று நான் கேலி செய்வேன். விரத நாட்களில் கோவிந்தண்ணன் கவிச்சியை விட்டார், தரையில் படுத்தார், தாடி வளர்த்தார். சிகரெட்டை மட்டும் விடவில்லை. "புகைதானே அண்ணி, சாம்பிராணி மாதிரி நெனச்சுக்குங்க" என்று நான் எடுத்துக்கொடுத்தேன். அண்ணி என்னை முறைத்த முறைப்பில் அந்த ஹாஸ்யத்தை அத்தோடு விட்டேன்.

காவடியோடு தண்ணீர்மலை வரைக்கும் நடந்து வந்தார். ஆனால் நடந்தது சரியாக இல்லை. கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடுவார். வலது கெண்டைக்காலைப் பிடித்துக்கொள்வார். கொஞ்சம் நின்றால் சரியாகிவிடும், திரும்ப நடப்பார், திரும்ப நின்றுவிடுவார். "நரம்பு இழுக்குது தம்பி, வெறுங்கால்ல நடந்தா அப்படித்தான்" என்றார். மலைப்படி பாதி ஏறுவதற்குள் முகத்தில் வேர்வை ஆறாக ஓடியது. நானும் இன்னொருவரும் கைத்தாங்கலாகப் பிடித்து மேலே கொண்டுபோய்ச் சேர்த்தோம். முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இறங்கினோம். யாருக்கும் அந்தக் காலைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

சில மாதங்களில் அவர் வலது பெருவிரல் நீலம் பாய்ந்து, பிறகு கறுத்துவிட்டது. மணியை மிதித்து மிதித்து வந்த காயம் என்று அவராகவே மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டார். காயம் ஆறவில்லை. வலியென்றால் அப்படி ஒரு வலி. கட்டிலில் காலை நீட்டிப் படுக்க முடியாமல் காலைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்தே கிடந்தார். கடைசியில் அண்ணியும் நானுமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

பரிசோதித்தவர் ஒரு வெள்ளைக்கார டாக்டர். பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், மேலே முழங்காலுக்குப் பின்னால் அமுக்கிப் பார்த்தார். பிறகு காலை விட்டுவிட்டு கோவிந்தண்ணனின் கைவிரல்களைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். புகைபட்டு மஞ்சளேறின இரண்டு விரல்கள். டாக்டர் பேசினதை மருந்து கட்டுகிற யாழ்ப்பாணத்து டிரஸ்ஸர் ஒருவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "காலுக்கு ரத்தம் போற குழாய் அடைச்சுக்கொண்டு வருகுதாம். வயசாளிகளுக்கு வாறதெண்டால் வேற விஷயம். இந்த வயசில வாறது புகைக்கிற ஆக்களுக்குத்தான் எண்டு சொல்லுறார். மருந்து பெரிசா ஒண்டுமில்லை. சிகரெட்டை விட்டால் கால் மிஞ்சும். விடாட்டில் வெட்டத்தான் வேணும். குறைக்கிற கதை வேண்டாமாம். ஒண்டுகூடக் கூடாதாம்."

இதைச் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டு டாக்டர் தன் மேசையிலிருந்த குழாயை எடுத்துப் புகையிலையை அடைத்துப் பற்றவைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் கோவிந்தண்ணன் கேட்ட முதல் கேள்வி, "அவரு மட்டும் புடிக்கிறாரே?" என்பதுதான்.

அண்ணி அதற்குப் பதில் சொன்னார்: "அவரு காலு அவருக்கு. ஒங்க காலு எனக்கு வேணும்."

விட்டார். சும்மா சொல்லக்கூடாது, விட்டுவிட்டார். ஆனால் அந்த விடுதலை எப்படி இருந்தது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. ஊரிலே யாருக்கும் கோபத்தைக் காட்டாத மனிதர் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தார். அண்ணியைப் பார்த்து வாயில் வராத வார்த்தையெல்லாம் சொன்னார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். தலைவலி, எரிச்சல், எதிலும் மனம் நிற்காத தவிப்பு. வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டார். சர்க்கரையில் ஊறின ஜாதிக்காய்த் துண்டுகளை மென்றார். "இருபது வருஷமா எனக்குள்ள ஒருத்தன் குடியிருந்திருக்கான் தம்பி. காலி பண்ணச் சொன்னா வீட்டையே இடிக்கிறான்" என்று ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கோபத்தைத் தணிக்கிறது, மனத்தை நிறுத்துகிறது என்று அவர் பாடின புகழையெல்லாம் அந்த வாரங்களில் நினைத்துக்கொண்டேன். தணித்ததல்ல, அடகு வாங்கி வைத்திருந்தது.

மெல்ல மெல்ல எல்லாம் அடங்கியது. விரலின் நுனி உதிர்ந்துபோனது. ஆனால் புண் ஆறி, புதுத் தோல் வந்தது. பாதத்தில் சூடு திரும்பியது. சோறு ருசிக்கிறது என்றார். அண்ணி வைக்கும் மீன் குழம்பில் இத்தனை நாள் மல்லி போட்டிருப்பதே தெரியாது என்றார். சாயங்காலங்களில் நாங்கள் இரண்டு பேரும் கோட்டைக்குப் பக்கத்துக் கடற்கரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நிற்காமல் நடப்போம். திரும்பவும் டிராமில் ஏறினார். அதற்குள் அண்ணியும் முழுகாமல் இருந்தார். பெண் குழந்தை பிறந்தது. பார்வதி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த அன்று வந்தவர்களுக்கெல்லாம் சிகரெட் தட்டை நீட்டினவர் கோவிந்தண்ணன்தான். அப்போது வீட்டு விசேஷமென்றால் வெற்றிலைத் தட்டோடு சிகரெட் தட்டும் வைப்பது மரியாதை. தட்டை நீட்டினார், தான் ஒன்றைத் தொடவில்லை. நானும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பார்வையில் எங்களுக்கு இருந்த பெருமை ஒரு கோயிலைக் கட்டி முடித்தவர்களுக்குக்கூட இருந்திருக்காது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடிந்திருந்தால் நானும் போன வாரம் என் காப்பியை முழுக்கக் குடித்திருப்பேன்.

டிராமுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி, தண்டவாளம் இல்லாத மின்சார பஸ்களை ஒவ்வொரு சாலையாக விட்டுக்கொண்டு வந்தார்கள். டிராலி பஸ் என்று பெயர். மேலே கம்பி, கீழே ரப்பர் சக்கரம், டிரைவருக்கு உட்கார ஆசனம், கையில் வட்டச் சக்கரம். டிராம் ஓட்டினவர்கள் புதிய பஸ்ஸை ஓட்டிக் காட்டிப் பரீட்சையில் தேற வேண்டும். தேறாதவருக்கு வேலை கிடையாது. அது மந்தமான காலம். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் கழித்து, கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஜெட்டியில் நின்றிருந்த எங்கள் கண் முன்னால்தான் மூட்டை முடிச்சோடு குடும்பங்கள் ஏறிப் போயின. வேலை போனால் என்ன ஆகும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கோவிந்தண்ணன் பழகும்போதெல்லாம் தடுமாறினார். இத்தனை வருஷம் தண்டவாளம் பார்த்துக்கொண்ட வேலையை இப்போது கை பார்க்க வேண்டியிருந்தது. வளைவில் திரும்பினால் மேலே கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கிற கோல் நழுவிவிடும். பரீட்சையன்று காலையில் அவர் கை ஆடியதை நான் பார்த்தேன். இது வேறு நடுக்கம், பயம். வரிசையில் நின்றவர்களில் யாரோ ஒருவன் சிகரெட்டை நீட்டினான். "அண்ணே, வேணாம்" என்றேன். "ஒன்னே ஒன்னு தம்பி. இன்னைக்கு ஒரு நாள். புள்ளைய வச்சுக்கிட்டு நான் தோத்துட்டுப் போக முடியாது" என்றார். இரண்டு இழுப்பு. கை நின்றது.

பரீட்சையில் அவர்தான் முதல். பஸ் தண்டவாளத்தில் போகிற மாதிரி போனது என்று துரையே தோளில் தட்டினார்.

இதைத்தான் நான் வாத்தியார் தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டும். நன்மை இல்லையென்று யார் சொன்னது? அந்த ஒரு சிகரெட் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. என் கண்ணாலே பார்த்தேன். அதற்குப் பிறகு அது தன் கூலியைக் கேட்டது. மறுநாள் ஒன்று, அதற்கு மறுநாள் இரண்டு. அண்ணிக்குத் தெரியாமல், பிறகு தெரிந்தே. புது பஸ்ஸில் அவர் உட்கார்ந்து ஓட்டின காலம் ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை. இந்தத் தடவை விரலோடு நிற்கவில்லை. பாதம் முழுவதும் கறுத்து, பக்கத்தில் போக முடியாத நாற்றத்தோடு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எடுத்த சில நாளில் நானும் அண்ணியும் பார்க்கப் போயிருந்தோம். அண்ணி இடுப்பில் பார்வதி. கோவிந்தண்ணன் போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டு கிடந்தார். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. அந்தத் தட்டையான இடத்தைப் பார்க்காமல் இருக்க நான் படாத பாடு பட்டேன். அவர் மெதுவாக என்னைக் குனியச் சொன்னார். காதோடு கேட்டார்: "தம்பி, ஒன்னு வாங்கிட்டு வரியா?"

அண்ணிக்கும் கேட்டுவிட்டது. அதுவரை அவரை "நீங்க" என்று மட்டுமே பேசி நான் கேட்டிருக்கிறேன். அன்று அந்தப் பெரிய குரல் மிகவும் சின்னதாக வந்தது. "ஒரு காலக் குடுத்தாச்சு. இன்னொன்னையும் அதுக்கே குடுக்கிறதுன்னா குடு. அது ஒன் காலு. இந்தப் புள்ள எம் புள்ள. இத நீ தவழ்ந்துக்கிட்டு வளக்கிறதப் பாக்க என்னால முடியாது." அவ்வளவுதான். தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தன் அண்ணன் வீட்டுக்குக் குழந்தையோடு போய்விட்டார்.

நான் தினமும் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போவேன். என் பையில் ஒன்றும் இருக்காது. ஆனால் அங்கே கேட்டால் கொடுக்க ஆள் இல்லாமலா? கூட்டுகிறவனும் வைத்திருந்தான், பக்கத்துக் கட்டில் நோயாளியும் வைத்திருந்தான். எனக்கு வந்த வெறுப்பில் போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஒரு மத்தியானம் போனபோது அவர் போர்வையை விலக்கிவிட்டு மிச்சமிருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கொஞ்சம் தொட்டுப் பாரேன். குளிருதா?"

தொட்டேன். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அவர் கண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"குளிருது அண்ணே."

தலையணைக்குக் கீழே கையை விட்டு ஒரு பெட்டியை எடுத்தார். பாதி தீர்ந்த பெட்டி. பக்கத்துக் கட்டில்காரரிடம் நீட்டி, "ஒங்க சாமானை நீங்களே வச்சுக்குங்க" என்றார். பிறகு சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து சாகிறவரை தொடவில்லை. இரண்டாவது தடவை அவர் தட்டை எறியவில்லை, யாரையும் திட்டவில்லை. எறிந்தால் பொறுக்க ஆள் வேண்டுமே.

தேறி எழுந்ததும் அவரைப் படகிலும் ரயிலிலும் ஏற்றித் தாசேக் கெலுகோருக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கக்கத்திலும் கட்டை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் அண்ணி நின்றிருந்தார். வழிவிடவில்லை. "வாய ஊதுங்க" என்றார். கோவிந்தண்ணன் சமர்த்தாக ஊதினார். அண்ணி முகர்ந்தார். சட்டையை முகர்ந்தார். இரண்டு கையையும் பிடித்து விரல்களை முகர்ந்தார். பிறகு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "சோறு ஆறுது, வாங்க" என்று உள்ளே போய்விட்டார்.

அண்ணியின் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். ஒற்றைக்கால் மனிதருக்குத் தோட்டத்து முச்சந்தியில் ஒரு வெற்றிலைப் பெட்டிக்கடை போட்டுக் கொடுக்கலாம் என்று. வெற்றிலை, பாக்கு, புகையிலை, சிகரெட். கெட்ட யோசனை இல்லை. அந்தக் காலத்தில் கால் இழந்தவர்களும் கண் இழந்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். எத்தனையோ பேரை முடமாக்கிய சரக்கை முடமானவர்களே உட்கார்ந்து விற்றார்கள். கோவிந்தண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். கையால் சுற்றுகிற தையல் மிஷின் ஒன்றைப் பழையதாக வாங்கி, தோட்டத்துக்காரர்களுக்குக் கால்சட்டை தைத்தார். நன்றாகவே தைத்தார். மிச்சமிருந்த கால் கடைசிவரை அவரோடு இருந்தது. மூச்சுத்தான் இல்லை. புகை கொடுத்துவிட்டுப் போன பழைய இருமல் சண்டைக் காலத்தில் மருந்தில்லாமல் முற்றி, ஜப்பான்காரன் போன மறு வருஷம் அவரைக் கொண்டுபோய்விட்டது.

பார்வதி கல்யாணமாகி மறுபடி பினாங்கிலேயே வந்து குடியேறினாள். ஒரு நாள் அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அண்ணி கூடத்தில் பாயில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பார்வதி திடீரென்று கேட்டாள்: "சித்தப்பா, எங்கப்பா ரெண்டு கால்ல நடந்தத நான் பாத்ததே இல்ல. எப்படி நடப்பாரு?"

 நன்றாக நடப்பார் என்றேன். அது பதிலாக இல்லை. எழுந்தேன். கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நடந்து காட்டினேன். டிராம் டிரைவர்கள் எல்லோருக்கும் ஒரு நடை உண்டு. ஆடுகிற தட்டில் வருஷக்கணக்காக நின்று நின்று தரையும் ஆடப்போகிறது என்று எதிர்பார்த்து நடப்பார்கள். தோளைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்து, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி நடந்தேன். பார்வதி கண் கொட்டாமல் பார்த்தாள்.

அண்ணி கீரையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "அப்படி இல்ல தம்பி. இன்னும் கொஞ்சம் கால அகட்டு. அவரு அவசரமே படமாட்டாரு. ஆங், இப்பச் சரி. இன்னொரு தடவ நட."

நடந்தேன்.

தண்டவாளங்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த வண்டிகளும் போயின. பிறகு வந்த டிராலி பஸ்ஸும் போய்விட்டது. உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்கு அந்த நடை வருவதில்லை. அண்ணியும் போய்ச் சில வருஷமாகிறது. இப்போதும் பார்வதி கேட்டால் நான் நடந்து காட்டுகிறேன். முழங்கால் பிடித்துக்கொள்வதால் முன்னே போல வரவில்லை. தப்பாகத்தான் நடக்கிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. அப்படி இல்லை என்று சொல்லித் திருத்துவதற்கு இப்போது யாரும் இல்லை.